எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு கல்யாண வீட்டுக்குப் போவது எப்படி?

அறுவை சிகிச்சை முடிந்த ஏழாவது வாரம் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு மண்டபம். தாலி கட்டி முடிந்ததும் அத்தை என் கையைப் பிடித்து அழைத்துப் போய் முதல் பந்தியிலேயே உட்கார வைத்துவிட்டார். இலையில் விழுந்த ஜாங்கிரியைப் பிட்டு, "இனிப்பை முதலில் வாயில் வை" என்று அவரே கொடுத்தார். மறுக்க மனம் வரவில்லை. அடுத்த பந்திக்குக் காத்திருப்பவர்கள் அதற்குள் என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவசர அவசரமாக நான்கு கவளம் சாம்பார் சாதம், நடுவில் ஒரு மடக்குத் தண்ணீர். பத்தே நிமிடத்தில் நெஞ்சுக்குழியில் கல்லை வைத்து அழுத்தியதுபோல் இருந்தது. முகமெல்லாம் வியர்த்தது. கை கழுவும் இடத்துக்கு ஓடி வாந்தி எடுத்தேன். வாயைக் கழுவும்போது, இளைத்த விரலில் தளர்ந்து கிடந்த மோதிரம் நழுவித் தண்ணீரோடு குழாய்க்குள் போய்விட்டது. பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள் "என்ன, விசேஷமா?" என்று சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு ஐந்து மாதம் நான் எந்த வீட்டு விசேஷத்துக்கும் போகவில்லை. தாய்மாமன் பேத்தியின் காதுகுத்துக்குக்கூடப் போகவில்லை. மாமா இன்றுவரை அதைச் சொல்லிக் குறைபட்டுக்கொள்கிறார். மருத்துவமனையில் கொடுத்த உணவுப் பட்டியலில் எத்தனை கிராம், எத்தனை மில்லி என்பதெல்லாம் தெளிவாக இருந்தது. கரண்டியோடு வருகிறவரை எப்படி நிறுத்துவது, அத்தைக்கு என்ன பதில் சொல்வது என்பது அதில் இல்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்குச் செய்தது இரைப்பை பைபாஸ், அதாவது இரைப்பையை ஒரு சிறு பையாக்கிக் குடலோடு இணைப்பது. ஸ்லீவ் (இரைப்பையின் பெரும்பகுதியை அகற்றிவிடுவது) செய்துகொண்டவர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும். உங்கள் மருத்துவரோ உணவியல் நிபுணரோ இதற்கு மாறாக ஏதாவது சொல்லியிருந்தால் அவர்கள் சொன்னதையே பின்பற்றுங்கள்.

1. பத்திரிகை வருமுன்பே நாள்காட்டியைப் பாருங்கள்

அறுவை சிகிச்சைக்கு இன்னும் தேதி குறிக்கவில்லை என்றால் உங்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. அவசரம் இல்லை என்று மருத்துவர் சொன்னால், ஆனி மாதத்தில் முகூர்த்தங்கள் முடியும் தறுவாயில் செய்துகொள்ளுங்கள். அடுத்து வரும் ஆடியில் கல்யாணம் கிடையாது. திரவ உணவும் கூழ் உணவுமாக நகரும் கடினமான வாரங்கள் அழைப்புத் தொல்லை இல்லாமல் கழிந்துவிடும். நான் இதை யோசிக்கவில்லை. ஆவணிக் கடைசியில் செய்துகொண்டேன். ஐப்பசி பிறந்ததும் வரிசையாகப் பத்திரிகைகள், நடுவில் தீபாவளி.

பெரும்பாலான மருத்துவமனைகள் முதல் இரண்டு வாரம் திரவம், அடுத்து இரண்டு வாரம் கூழ்ப் பதம், அதன்பின் குழைந்த மென்மையான உணவு என்று படிப்படியாகக் கொண்டுபோகும். எட்டாவது வாரத்தை ஒட்டித்தான் வழக்கமான உணவு, அதுவும் சிறு அளவில் தொடங்கும். அதனால் முதல் எட்டு வாரத்துக்கு ஒரே விதிதான்: விசேஷத்துக்குப் போகலாம், பந்திக்குப் போகக்கூடாது. முகூர்த்த நேரத்துக்குப் போய் அட்சதை போடுங்கள், மொய் எழுதுங்கள், மணமக்களோடு ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுங்கள். "வந்தாரா" என்பதற்கு மொய் நோட்டில் உங்கள் பெயர் இருக்கிறது, அது போதும்.

வயிற்றின் அளவை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பைபாஸில் மிஞ்சும் பை தொடக்கத்தில் சுமார் 30 மில்லி, அதாவது இரண்டு மேசைக்கரண்டி. ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேல் அகற்றப்படுகிறது. காலப்போக்கில் கொஞ்சம் இடம் கூடும். ஆனால் ஒரு முழு இலைச் சாப்பாட்டுக்கு இடம் திரும்ப வராது.

2. கைப்பையில் இருக்க வேண்டியவை

ஒரு சிறு அட்டை. இதுதான் மிக முக்கியம். தட்டச்சு செய்து, லேமினேஷன் போட்டுக்கொள்ளுங்கள். ஜெராக்ஸ் கடையில் முப்பது நாற்பது ரூபாய்க்குள் முடிந்துவிடும். அதில் இவை இருக்கட்டும்: உங்கள் பெயர், ரத்த வகை, செய்த அறுவை சிகிச்சை, தேதி, அறுவை மருத்துவரின் தொலைபேசி எண், வீட்டில் ஒருவரின் எண், தினமும் எடுக்கும் மாத்திரைகள், ஒவ்வாமைகள்.

பைபாஸ் செய்தவர்கள் அட்டையில் "இரைப்பை பைபாஸ், இதய அறுவை சிகிச்சை அல்ல" என்று பெரிய எழுத்தில் போடுங்கள். நீங்கள் மண்டபத்தில் மயங்கி விழுந்தால் கூட இருப்பவர்கள் 108 ஆம்புலன்ஸ்காரரிடம் "பைபாஸ் பண்ணியவர்" என்றுதான் சொல்வார்கள். நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான். எனக்கே ஒரு முறை, தலைசுற்றலுக்காகப் போன ஒரு சிறிய மருத்துவமனையில் அரை மணி நேரம் இதயத்தைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அதே அட்டையில் இன்னும் இரண்டு வரி சேர்க்கச் சொல்லி என் மருத்துவர் வற்புறுத்தினார். ஒன்று: டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் கொடுக்க வேண்டாம், இரைப்பையைக் குடலோடு இணைத்த இடத்தில் புண் வரலாம். இரண்டு: அறுவை மருத்துவரிடம் கேட்காமல் மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் செலுத்த வேண்டாம். முதல் வரி அட்டைக்கு மட்டும் அல்ல, உங்களுக்கும்தான். கல்யாண வீட்டில் "தலை வலிக்கிறது" என்று சொல்லிப் பாருங்கள், ஐந்து பேர் கைப்பையிலிருந்து மாத்திரை எடுத்து நீட்டுவார்கள். பெயரைப் படிக்காமல் வாயில் போடாதீர்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரியின் எல்லாப் பக்கங்களையும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வெளியூர் விசேஷம் என்றால் ஒரு ஜெராக்ஸ் பிரதியும் எடுத்துப் போங்கள். கைப்பேசியில் சார்ஜ் தீர்ந்த நேரத்தில்தான் அது தேவைப்படும்.

மற்றவை: மாத்திரைகள் (இரும்புச்சத்தையும் கால்சியத்தையும் குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி விட்டு எடுக்க வேண்டும் என்பதால் தனித்தனிப் பொட்டலமாக), வாய் சிறுத்த தண்ணீர்ப் புட்டி, ஒரு டப்பாவில் வறுத்த கடலையோ அவித்த முட்டையோ, ஒரு சிறு கரண்டி, இரண்டு பாலித்தீன் பைகள், கைத்துண்டு. பாலித்தீன் பை எதற்கு என்பதைப் பத்தாவது பகுதியில் சொல்கிறேன்.

3. யாரிடம் எவ்வளவு சொல்வது

நம் ஊரில் ஒருவர் இளைத்தால் யாரும் பாராட்டுவதில்லை. பயப்படுகிறார்கள். "என்ன இப்படி இளைத்துவிட்டாய், சர்க்கரை வந்துவிட்டதா?" "வீட்டில் ஏதாவது பிரச்சினையா?" "முகம் வாடிப்போய்விட்டதே." மூன்றாவது மாதத்தை ஒட்டி முடி கொட்டத் தொடங்கும்போது இந்தக் கேள்விகள் இன்னும் கூடும். (அந்த முடி பெரும்பாலும் சில மாதங்களில் திரும்ப வளரும். அதுவரை நான்கு முழம் மல்லிகையை இழுத்துக் கட்டி அதன் பாரத்தைத் தலையில் ஏற்றாதீர்கள். ஒரு முழம் போதும்.)

பதிலை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போங்கள். மண்டப வாசலில் நின்று யோசித்தால் உளறிவிடுவோம். நான் ஆள்களை மூன்றாகப் பிரித்துக்கொண்டேன். கூடவே உட்கார்ந்து சாப்பிடப் போகிற நெருங்கிய உறவுக்கு முழு உண்மையும் சொல்வேன். மற்ற சொந்தக்காரர்களுக்கு: "வயிற்றில் ஓர் அறுவை சிகிச்சை செய்திருக்கிறேன் அத்தை, இப்போது நன்றாக இருக்கிறேன். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சாப்பிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்." இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. "நன்றாக இருக்கிறேன்" என்பதை விட்டுவிடாதீர்கள், அவர்கள் கேட்க நினைப்பது அதைத்தான். முகம் மட்டும் தெரிந்தவர்களுக்கு ஒரு புன்னகையும் "ஆமாம், குறைந்திருக்கிறேன்" என்பதும் போதும்.

செய்யக்கூடாத ஒன்று உண்டு, நான் செய்தேன். பெரியப்பா மகள், எனக்கு அக்கா முறை, என்னைவிட ஐந்து வயது மூத்தவர். என்னைப் போலவே சிறு வயதிலிருந்து உடம்பால் அவதிப்பட்டவர். "எப்படிக் குறைத்தாய்?" என்று கேட்டபோது, "நடைப்பயிற்சியும் கேழ்வரகுக் கஞ்சியும்தான்" என்று சொல்லிவிட்டேன். மூன்று மாதம் கழித்துப் பார்த்தேன். காலையும் மாலையும் நடந்து நடந்து முழங்கால் வீங்கி, ஒரு வேளைதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "உனக்கு இருக்கிற மன உறுதி எனக்கு இல்லை போலிருக்கிறது" என்றார். அன்று மாலையே அவரை மாடிக்கு அழைத்துப் போய் வயிற்றில் இருக்கும் ஐந்து சிறு தழும்புகளையும் காட்டினேன். உங்கள் உடம்பைப் பற்றி யாருக்கும் எதுவும் சொல்லாமல் இருக்கலாம், அது உங்கள் உரிமை. ஆனால் அதே பாரத்தைச் சுமக்கும் ஒருவர் கேட்கும்போது பொய் சொல்லாதீர்கள்.

4. அழைக்க வரும்போதே பேசிவிடுங்கள்

பத்திரிகை வைக்க வீட்டுக்கு வருகிறார்கள் அல்லவா, அதைவிட நல்ல நேரம் கிடையாது. கல்யாணத்தன்று அவர்களுக்கு உங்களோடு பேச நேரம் இருக்காது. தாம்பூலத் தட்டை வாங்கிக்கொண்டு, காபி கொடுத்துவிட்டு, வீட்டுப் பெரியவரிடம் சொல்லுங்கள்: "மாமா, கட்டாயம் வருவேன். காலையிலேயே வந்து நிற்பேன். சாப்பாட்டில் மட்டும் என்னை வற்புறுத்த வேண்டாம், டாக்டர் கட்டுப்பாடு." வருவேன் என்பதை முதலில் சொல்ல வேண்டும். "சாப்பிட முடியாது" என்று தொடங்கினால் "வர மாட்டேன்" என்றுதான் அவர்கள் காதில் விழும்.

முடிந்தால் வீட்டாரிடம் ஒரு வேலை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாசலில் சந்தனம் கற்கண்டு கொடுப்பது, தாம்பூலப் பை கொடுப்பது, மொய் எழுதும் இடத்தில் உட்காருவது. வேலையாக இருப்பவரை யாரும் "சாப்பிட வா" என்று இழுப்பதில்லை. கடைசிப் பந்திக்குப் போக அதுவே காரணமாகவும் ஆகிவிடும். நான் இப்போது பெரும்பாலும் தாம்பூலப் பை மேசைக்குத்தான் போகிறேன். வருகிற எல்லாரையும் பார்த்துப் பேசவும் முடிகிறது.

புதிதாகக் கல்யாணமான பெண்களுக்கு ஒரு வார்த்தை. அறுவை சிகிச்சைக்குப் பிறகு 12 முதல் 18 மாதம் வரை கருத்தரிப்பதைத் தள்ளிப்போடச் சொல்வார்கள். அந்தக் காலத்தில் ஒவ்வொரு வளைகாப்பிலும் "உனக்கு எப்போது?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் பொறுப்பைக் கணவரோ மாமியாரோ எடுத்துக்கொள்ளட்டும். போகுமுன்பே அவர்களிடம் பேசி வையுங்கள்.

5. துணி, நகை, மற்ற செலவு

முதல் ஆண்டில் விலையுயர்ந்த ரவிக்கை தைக்காதீர்கள். எடை இறங்குவது பொதுவாக 12 முதல் 18 மாதத்தில்தான் நிதானப்படும். ஐப்பசிக்குத் தைத்த என் ரவிக்கை தை மாதத்தில் தோளிலிருந்து வழிந்தது. பழைய ரவிக்கைகளில் இரண்டை மட்டும் பிடித்துத் தைத்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் தெருத் தையற்காரர் ஒன்றுக்கு 80 ரூபாய் வாங்கினார். கொக்கிகளை இரண்டு வரிசையாக வைக்கச் சொன்னால் இன்னும் மூன்று மாதம் ஓட்டலாம். புடவை எந்த உடம்புக்கும் பொருந்தும், அதில் செலவே இல்லை. ஆண்களுக்கு வேட்டியும் அப்படித்தான். சட்டை மட்டும்தான் பார்க்க வேண்டும்.

நகை விஷயத்தில் என் இழப்பிலிருந்து கற்றுக்கொள்ளுங்கள். இரண்டாவது மாதத்திலேயே விரல் மெலியத் தொடங்கிவிடும். மோதிரத்தின் உள்ளங்கைப் பக்கம் வரும் பகுதியில் மஞ்சள் நூலை நெருக்கமாகச் சுற்றி இறுக்கிக்கொள்ளுங்கள்; நூல் விரலோடு உராய்ந்து பிடித்துக்கொள்ளும். கை கழுவும் முன் கழற்றி முந்தானையில் முடிந்துகொள்வது இன்னும் பாதுகாப்பு. வளையல், மெட்டி, கொலுசு எல்லாவற்றையும் ஒருமுறை அசைத்துப் பாருங்கள்.

மொய், பயணம் எல்லாம் எப்போதும் போலத்தான். புதிதாக வருவது புரதப் பொடியும் சத்து மாத்திரைகளும். எனக்கு மாதம் ஏறத்தாழ 3,000 ரூபாய் ஆகிறது. விசேஷ மாதங்களில் கை இறுகும்போது இதில் மிச்சம் பிடிக்கத் தோன்றும். வேண்டாம். பி12, இரும்பு, கால்சியம், டி வைட்டமின் ஆகியவை நமக்கு வாழ்நாள் முழுவதும் தேவை.

6. புறப்படும் முன் வீட்டில்

பசியோடு போகாதீர்கள். ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் என்று சொல்லியிருப்பார்கள். அதில் பாதியையாவது விசேஷத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். காலை முகூர்த்தம் என்றால் புறப்படும் முன் புரதப் பொடி கலந்த பாலும் சற்றுப் பொறுத்து ஒரு முட்டையும். மாலை வரவேற்பு என்றால் ஏழு மணிக்கு முன்பே வீட்டில் சாப்பிட்டுவிடுங்கள். மண்டபத்தில் பத்து மணிக்குக் கிடைக்கும் சாப்பாட்டை நம்பிப் போனால் பசியும் களைப்புமாகக் கை நேராக இனிப்புக்குத்தான் போகும். ஸ்லீவ் செய்தவர்களுக்கு இரவில் தாமதமாகச் சாப்பிட்டு உடனே படுத்தால் நெஞ்செரிச்சலும் சேர்ந்து வரும்.

தண்ணீரை வழியெல்லாம் சிறு சிறு மடக்காகக் குடித்துக்கொண்டே போங்கள். சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு நிறுத்திவிட வேண்டும். சாப்பிட்டு அரை மணிக்குப் பிறகுதான் மறுபடியும் தொடங்க வேண்டும். இந்த ஒரு விதியை மீறியதுதான் முதல் கல்யாணத்தில் நான் செய்த பெரிய தவறு என்று உணவியல் நிபுணர் சொன்னார்.

7. பந்தி

எந்தப் பந்தி என்பதில்தான் பாதி வெற்றி. முகூர்த்தம் முடிந்ததும் நடக்கும் முதல் இரண்டு பந்தியில் கூட்டம் நெரியும். உங்கள் நாற்காலிக்குப் பின்னால் ஒரு குடும்பமே நிற்கும். யாரும் வாய் திறந்து எதுவும் சொல்ல மாட்டார்கள், ஆனால் அவர்கள் நிற்பதே உங்களை வேகமாக விழுங்க வைக்கும். நமக்கு ஒரு வேளை உணவுக்கு 20 நிமிடமாவது வேண்டும். ஆகவே கடைசிப் பந்தி. சாம்பார் கொஞ்சம் ஆறியிருக்கும், வடை தீர்ந்திருக்கும். நமக்கு அதனால் நட்டம் இல்லை.

வரிசையின் ஓரத்தில் உட்காருங்கள். வயிறு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் யாரையும் தாண்டாமல் எழுந்து போகலாம். ஒரு பக்கத்தில் உங்கள் நிலைமை தெரிந்த ஒருவரை உட்கார வைத்துக்கொள்ளுங்கள். மறு பக்கம் ஒரு சிறுவன் கிடைத்தால் மிக நல்லது. எனக்குத் தங்கை மகன், ஏழு வயது. ஜாங்கிரி, அப்பளம், வடை என் இலையில் விழுந்ததும், நான் கை வைப்பதற்கு முன்பே அவன் இலைக்குப் போய்விடும். கை வைத்த பிறகு கொடுத்தால் எச்சில் ஆகிவிடும் என்று பெரியவர்கள் தடுப்பார்கள். அதனால் மாற்றுவதை முதல் நிமிடத்திலேயே செய்துவிட வேண்டும்.

பரிமாறுபவரிடம் "பாதிக் கரண்டி" என்று சொல்வதில் பயன் இல்லை. நூறு இலையைப் பார்க்கிறவருக்குக் கை பழகிப்போயிருக்கும், முழுக் கரண்டிதான் விழும். வேண்டாதது வரும்போது உள்ளங்கையை விரித்து இலைக்கு மேலே நான்கு விரல் உயரத்தில் பிடியுங்கள், நிற்காமல் தாண்டிப் போய்விடுவார். சாதம் வரும்போது மட்டும், கரண்டி பாத்திரத்துக்குள் இறங்கும் முன்பே, மூன்று விரலைக் குவித்துக் காட்டி "இவ்வளவு போதும் அண்ணா" என்று சொல்லுங்கள். விழுந்த பிறகு சொன்னால் இலையில் மிஞ்சும். சோற்றை வீணாக்குவது நமக்கும் வருத்தம், பார்க்கிறவர்களுக்கும் வருத்தம்.

சாப்பிடும் வரிசை இது. முதலில் பருப்பு, கூட்டு, பருப்பு உசிலி இருந்தால் அது. அடுத்து அவியலும் பொரியலும் நுனிவிரலில் எடுக்கும் அளவு. கடைசியில் கெட்டித் தயிர் இரண்டு கரண்டி, அதில் விரும்பினால் நான்கு பருக்கை சாதம். குழைந்த சாதம் உருண்டையாகத் திரண்டு அடைத்துக்கொள்ளும். பூரி, பரோட்டாவும் அப்படித்தான். ரசத்தையும் மோரையும் சாப்பாட்டோடு குடிக்காதீர்கள். ரசம் உங்களுக்குப் பிடிக்கும் என்றால் அரை மணி கழித்துச் சமையற்கட்டுப் பக்கம் போய் ஒரு டம்ளர் கேளுங்கள். எந்தச் சமையற்காரரும் இல்லை என்று சொன்னதில்லை.

ஒவ்வொரு வாயும் கட்டைவிரல் நகத்தின் அளவு. கூழாகும் வரை மெல்லுங்கள். விழுங்கிய பிறகு கையை இலையிலிருந்து எடுத்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். போதும் என்பதை வயிறு வலியால் சொல்லும் முன்பே வேறு விதமாகச் சொல்லும். சிலருக்கு விக்கல், சிலருக்குப் பெருமூச்சு, எனக்கு மூக்கில் நீர் கசியும். உங்கள் அடையாளம் எது என்று வீட்டிலேயே கவனித்து வையுங்கள். அது தெரிந்த கணமே நிறுத்திவிட வேண்டும். "இன்னும் ஒரு வாய்" என்பதுதான் எல்லா வாந்திக்கும் காரணம்.

சாப்பிட்டு எழுந்ததும் வீட்டாரிடம் போய்க் குறிப்பாக ஒன்றைச் சொல்லுங்கள். "கூட்டு அருமையாக இருந்தது அண்ணி, பூசணிக்காய் நன்றாகக் குழைந்திருந்தது." ருசித்துச் சொன்ன ஒரு வார்த்தைக்குப் பிறகு எவ்வளவு சாப்பிட்டீர்கள் என்று யாரும் கேட்பதில்லை.

8. கறி விருந்து, பஃபே, நண்பர்கள் கூட்டம்

கிடா வெட்டு விருந்தில் ஆட்டுக்கறித் துண்டுதான் ஆபத்து. நார் நாராக இருப்பதால் எவ்வளவு மென்றாலும் நெஞ்சில் தங்கிவிடும். முதல் ஆறு மாதம் அதைத் தொடாதீர்கள். மீன், முட்டை, நன்றாக வெந்த கோழியின் மெல்லிய பகுதி போதும். எலும்புச் சூப்பைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பே குடித்துவிடுங்கள். பிரியாணியில் சோற்றை விட்டுவிட்டு முட்டையை எடுங்கள்.

உணவகத்தில் பஃபே என்றால் நண்பர்களிடம் முன்பே சொல்லி இடத்தை மாற்றப் பாருங்கள். 900 ரூபாய் கொடுத்து ஐந்து வாய் சாப்பிடுவது மனத்தை உறுத்தும். கொடுத்த காசுக்காக ஆறாவது வாய் சாப்பிடத் தோன்றும். தனித்தனியாக வரவழைக்கும் இடமாக இருந்தால் ஒரு பன்னீர் டிக்காவோ வறுத்த மீனோ வாங்கிப் பாதியைப் பொட்டலமாகக் கட்டிக்கொள்ளலாம். சோடாவும் குளிர்பானமும் வேண்டாம். அந்த வாயு வயிற்றுக்குள் விரிவது நன்றாகவே தெரியும்.

மது பற்றித் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், எங்கள் வீட்டு ஆண்களிடமும் இதைத்தான் சொல்கிறேன். இந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு மது மிக வேகமாக ரத்தத்தில் கலக்கிறது, போதை பழைய அளவில் பாதியிலேயே ஏறிவிடும். குடிக்கு அடிமையாகும் ஆபத்தும் கூடுகிறது. அதுவரை குடியால் எந்தத் தொல்லையும் இல்லாதவர்களுக்கும் இது நடக்கிறது. முதல் ஆண்டில் அறவே கூடாது என்றுதான் எனக்குச் சொன்னார்கள். நண்பர்கள் ஊற்றிக் கொடுக்காமல் இருக்க, உட்கார்ந்ததுமே கையில் எலுமிச்சைச் சாறு விட்ட தண்ணீரை வைத்துக்கொள்ளுங்கள். வெறும் கையைக் கண்டால்தான் கிளாஸ் நீட்டத் தோன்றும்.

9. இனிப்பு

பைபாஸ் செய்தவர்களுக்கு இது உடம்பின் பாதுகாப்பைப் பற்றியது. சர்க்கரை அப்படியே வேகமாகச் சிறுகுடலுக்குள் இறங்கினால் பத்து முதல் முப்பது நிமிடத்துக்குள் வியர்வை, படபடப்பு, வயிற்றுப் பிடிப்பு, பேதி வரலாம். இதை டம்பிங் என்கிறார்கள். இன்னொன்று தாமதமாக வரும்: ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கிக் கை நடுங்கும், கண் இருட்டும். அந்த நேரத்தில் நீங்கள் ஸ்கூட்டரில் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருப்பீர்கள் என்பதுதான் பயம். இனிப்புச் சாப்பிட நேர்ந்துவிட்டால் வண்டியை வேறு ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

கோயில் பிரசாதத்தையும் மங்கல இனிப்பையும் மறுக்க மனம் வராது. எனக்கும் வராது. வலது கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கடுகளவு வாயில் வைத்துவிட்டு, மீதியைக் கைத்துண்டில் மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவேன். வாசலில் கொடுக்கும் வரவேற்புச் சாறு, பாயசம், ஐஸ்கிரீம் ஆகியவை மெல்லாமலே உள்ளே போய்விடுபவை, குல்கந்து வைத்த பீடாவும் இனிப்புதான். கையில் வாங்காமல் இருப்பதே நல்லது. தீபாவளிக்கு நான்கு வீடு போக வேண்டியிருந்தால் ஒவ்வொரு வீட்டிலும் "ஒரு டப்பாவில் போட்டுக் கொடுங்கள் பெரியம்மா, எல்லாருமாகச் சாப்பிடுகிறோம்" என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டு வாங்கினால் கொடுப்பவருக்கு அதில் தனி மகிழ்ச்சி.

10. உடம்பு மறுத்தால்

நெஞ்சில் அடைத்ததுபோல் இருந்து வாயில் நுரைநுரையாக எச்சில் ஊறினால், உணவு நிற்கிறது என்று பொருள். தண்ணீர் குடித்துத் தள்ளப் பார்க்காதீர்கள், நிலைமை மோசமாகும். எழுந்து மெதுவாக நடங்கள். எச்சிலை விழுங்காமல் துப்புங்கள். பாலித்தீன் பை இதற்குத்தான், கழிவறை வரை ஓட வேண்டியதில்லை. பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். அன்று அதற்குப் பிறகு திரவம் மட்டும் போதும்.

கை நடுங்கி வியர்த்தால் உடனே உட்காருங்கள், பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். சர்க்கரை அளக்கும் கருவி இருந்தால் பாருங்கள். குறைந்திருந்தால் மருத்துவர் சொல்லியிருக்கும் அளவு குளுக்கோஸ் எடுத்துவிட்டு, பிறகு கடலையோ முட்டையோ சாப்பிடுங்கள்.

குடித்த தண்ணீர்கூட வயிற்றில் தங்காமல் வாந்தி தொடர்ந்தாலோ, தாங்க முடியாத வயிற்று வலி, காய்ச்சல், ஓயாத படபடப்பு, கறுப்பு மலம் என்று எது வந்தாலோ, கல்யாணம் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். பைபாஸ் செய்தவர்களுக்குப் பல ஆண்டு கழித்துக்கூடக் குடல் பிசகிச் சிக்கிக்கொள்ளலாம். போகிற மருத்துவமனையில் முதல் வார்த்தையாக உங்கள் அறுவை சிகிச்சையைச் சொல்லி அட்டையைக் காட்டுங்கள்.

11. துக்க வீடு

இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நாள் குறித்து வருவதில்லை என்பதால் தயாராகவும் முடியாது. எடுக்கும் வரை அங்கே யாரும் சாப்பிடுவதில்லை, பந்தலில் வெயில், நாமும் தண்ணீர் கேட்கத் தயங்குவோம். முதல் சில மாதங்களில் மறுபடியும் மருத்துவமனையில் சேர வேண்டிய நிலைக்கு நீர்ச்சத்துக் குறைவு ஒரு முக்கியக் காரணம். ஒரேயடியாக ஒரு சொம்பு தண்ணீர் குடித்து நாம் அதை ஈடு செய்துவிடவும் முடியாது. பையில் புட்டியை வைத்துக்கொண்டு, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பந்தலுக்கு வெளியே வந்து ஒரு மடக்குக் குடியுங்கள். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். வெறும் வயிற்றில் எடுக்கக்கூடிய மாத்திரைகள் எவை என்று மருத்துவரிடம் இன்றே கேட்டு எழுதி வையுங்கள். கருமாதிச் சாப்பாட்டுக்கு ஏழாவது பகுதியில் சொன்னவை அப்படியே பொருந்தும்.

12. வீடு திரும்பியதும்

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அன்று இரவே எழுதுங்கள்: எந்த விசேஷம், எந்தப் பந்தி, என்ன சாப்பிட்டேன், எத்தனை நிமிடம், பிறகு எப்படி இருந்தது. மூன்றாவது, ஆறாவது, பன்னிரண்டாவது மாதப் பரிசோதனைகளுக்குப் போகும்போது ரத்தப் பரிசோதனை முடிவுகளோடு இதையும் எடுத்துப் போங்கள். என் உணவியல் நிபுணர் அந்த நோட்டைப் படித்துவிட்டுத்தான், எனக்கு ஒத்துக்கொள்ளாதது கல்யாணச் சாப்பாடு அல்ல, தேங்காய்ப்பால் சேர்ந்த பண்டங்கள் என்று கண்டுபிடித்தார்.

போன வைகாசியில் எழுதிய பக்கம் இப்படி இருக்கிறது: "மாமா வீட்டு இரண்டாவது பேத்தி காதுகுத்து. கடைசிப் பந்தி. பருப்பு, கூட்டு, தயிர். 22 நிமிடம். விக்கல் இல்லை, வாந்தி இல்லை. மாமா பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். தாம்பூலப் பை 140 கொடுத்தோம்."